மூடுபனியும் பட்டாசுப் புகையும்: வட்டார மாதிரிகள் எதுவரை சாட்சி சொல்லும்?

நாட்டில் வெடிக்கப்படும் பட்டாசில் பெரும்பங்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் தயாராகிறது. அதன் புகையைப் பற்றிய வழக்கு நடப்பதோ டெல்லியில். தீபாவளியை ஒட்டி அந்நகரைக் கவியும் புகைமூட்டத்துக்கும், அடுத்துவரும் குளிர்காலத்தில் விமானங்களை முடக்கும் மூடுபனிக்கும் பட்டாசு எவ்வளவு பொறுப்பு என்று ஆண்டுதோறும் விவாதம் எழுகிறது. அந்த விவாதத்தின் முடிவு கரிசல் காட்டில் லட்சக்கணக்கானோரின் வேலையைத் தொடுகிறது.

புகை பனியை உண்டாக்குமா, உண்டாக்கினால் யாருடைய புகை என்ற கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. இன்று இதற்கு விடை தேடப் பெரிதும் நம்பப்படுபவை வட்டார மாதிரிகள். உலகம் முழுவதற்குமான கணக்கீட்டிலிருந்து எல்லை நிலவரங்களை வாங்கி, ஒரு பகுதியின் காற்று, வெப்பம், ஈரம், துகள் ஆகியவற்றை நுணுக்கமாகக் கணிக்கும் கணினி நிரல்கள் இவை. இவற்றின் சாட்சியம் எந்த இடத்தில் வலுவானது, எந்த இடத்தில் தளர்கிறது என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

புகை முதலா, குளிர் முதலா?

முதல் விடை ஸ்காட்லாந்தில் பிறந்தது. 1880-ல் ஜான் எய்ட்கன், தூசி நீக்கிய காற்றில் நீராவி எளிதில் துளியாவதில்லை என்று சோதனையில் காட்டினார். ஒவ்வொரு பனித்துளிக்கும் உட்கருவாக ஒரு துகள் வேண்டும். கந்தகம் எரிந்த புகை அத்தகைய உட்கருக்களை ஏராளமாகத் தருகிறது என்பது அவர் முடிவு. புகை குறைந்தால் பனியும் குறையும் என்ற எண்ணத்துக்கு இதுவே தொடக்கம்.

இரண்டாவது விடை வானிலையாளர்களுடையது. 1913-ல் ஸ்கோஷியா என்ற கப்பலில் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதிக்குச் சென்று பனியை ஆராய்ந்த ஜி.ஐ. டெய்லர், 1917-ல் வெளியிட்ட ஆய்வில் தரை அல்லது நீர்ப்பரப்பின் குளிர்ச்சிக்கும், காற்று மெல்லக் கலப்பதற்கும் முதலிடம் தந்தார். உட்கரு எங்கும் எப்போதும் இருக்கிறது. குளிரும் ஈரமும் அமைதியும் கூடும் நாளில்தான் பனி இறங்குகிறது என்பது இத்தரப்பு.

ஸ்வீடனின் ஹில்டிங் கேலரின் 1936-ஆம் ஆண்டு ஆய்வு இரண்டுக்கும் பாலமாயிற்று. துகள் எவ்வளவு பெரிது, நீரில் எவ்வளவு கரையும் என்பதைப் பொறுத்து அது துளியாக மாறத் தேவையான ஈரப்பதம் மாறுகிறது. குளிர் பனியைத் தொடங்கிவைக்கிறது. துகள்கள் அதன் அடர்த்தியையும் ஆயுளையும் தீர்மானிக்கின்றன என்று இன்று பெரும்பாலோர் ஏற்கும் நடுநிலைக் கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

அனுபவச் சான்றுகள் இந்த நடுநிலைக்கே ஆதரவாக நிற்கின்றன. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனியில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அப்போது மதிப்பிடப்பட்டது. பிந்தைய ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. அன்று குளிரும் காற்றின் அமைதியும் இயற்கை தந்தவை, கந்தகம் நிலக்கரி தந்தது. ஐரோப்பாவில் 30 ஆண்டுகளில் பனி, மங்கல் நாள்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2009-ல் ரோபேர் வோத்தாரும் சக ஆய்வாளர்களும் பதிவுசெய்து, கந்தக டை ஆக்சைடு குறைந்ததோடு அதைத் தொடர்புபடுத்தினர். ஆனால் இது பல ஆண்டுகள் நீடித்த உமிழ்வுக் குறைப்பின் விளைவு. ஓரிரு நாள் கொண்டாட்டத்துக்கு இதே தர்க்கத்தை அப்படியே பொருத்த முடியாது.

மாதிரிகள் வந்த வழி

வட்டார காலநிலை மாதிரிகள் 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாயின. பிலிப்போ ஜியோர்ஜி முதலியோர் வளர்த்த ரெக்சிஎம் என்ற மாதிரி, பின்னர் இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரிலுள்ள சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் வழியாக வளரும் நாடுகளுக்குப் பரவியது. மதுரையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் இராமநாதன், பால் க்ருட்சனுடன் இணைந்து தலைமையேற்ற 1999-ஆம் ஆண்டின் இந்தியப் பெருங்கடல் ஆய்வு, தெற்காசியாவின் மேல் பரவும் பழுப்பு மேகத்தை உலகுக்குக் காட்டியது. துகள்களை ஒதுக்கிவிட்டு இப்பகுதியின் காலநிலையைக் கணக்கிட முடியாது என்பது அதன்பின் உறுதியாயிற்று. 2005-ல் வந்த டபிள்யூஆர்எஃப்-கெம் என்ற மாதிரி, வானிலையையும் காற்றின் வேதியியலையும் ஒரே நேரத்தில் கணக்கிட்டது. புகை வெயிலை மறைப்பது, தரை குளிர்வது, தரையை ஒட்டிக் காற்று கலக்கும் கலப்பு அடுக்கு தாழ்வது, அதனால் புகை மேலும் தங்குவது என்ற சுழற்சியை அதில் பின்தொடர முடியும்.

குறைபாடு அளவில் தொடங்குகிறது. காலநிலைக் கணிப்புக்கான கோர்டெக்ஸ் திட்டத்தில் தெற்காசியாவின் நிலப்பரப்பைப் பிரிக்க நெடுநாள் பயன்பட்ட கட்டம் 50 கி.மீ. அகலமுடையது. விருதுநகர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,200 சதுர கி.மீ.; அந்தக் கட்டங்களில் இரண்டுக்குள் மாவட்டமே அடங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கும் மலையும், அதன் மழைமறைவில் காயும் சாத்தூர்க் கரிசலும் ஒரே சராசரியில் கரைந்துபோகும். 25 கி.மீ. கட்டமானால் மாவட்டத்துக்கு ஏழு கட்டங்கள் கிடைக்கும். ஒரு நூற்றாண்டின் வெப்பப் போக்கை அறிய அது போதலாம். ஒரு விடியற்காலைப் பனியை அறியப் போதாது.

உயரத்திலும் இதே சிக்கல். தரைப்பனி பெரும்பாலும் சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை தடிமனுடையது. பல மாதிரிகளில் அது முதல் ஓரிரு அடுக்குகளுக்குள் முடிந்துவிடுகிறது. வெப்பநிலையில் ஒரு டிகிரி பிழை நேர்ந்தால் ஒப்பு ஈரப்பதம் ஆறு சதவீத அளவுக்கு மாறும். உண்மையில் 97 சதவீதம் ஈரமுள்ள காற்றை மாதிரி 91 என்று கணக்கிட்டால், அதன் உலகில் பனியே இருக்காது. மழையைக் கணிப்பதிலும் பனியைக் கணிப்பது பல சமயம் கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெல்லி என்னும் சோதனைக்களம்

இந்தியாவில் இந்த முயற்சி மிக விரிவாக நடந்த இடம் டெல்லி. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2015-16 குளிர்காலத்தில் இந்திரா காந்தி விமான நிலையத்தில் குளிர்காலப் பனி ஆய்வைத் தொடங்கியது. மண்ணின் வெப்பம், ஈரம், கதிர்வீச்சு, துளி அளவு, துகள் வேதியியல் ஆகியவை ஒரே இடத்தில் அளக்கப்பட்டன. அந்தத் தரவின் துணையோடு 3 கி.மீ. கட்டத்தில் இயங்கும் முன்கணிப்பு முறை உருவாயிற்று. 200 மீட்டருக்குக் குறைந்த பார்வைத்தூரம் தரும் பனியை அது 85 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்வதாகப் புவி அறிவியல் அமைச்சகம் தெரிவித்தது. நொய்டாவின் தேசிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம் தலைநகருக்கென்று 330 மீட்டர் கட்ட மாதிரியை அமைத்தது.

இங்கே மூன்று கருத்துகள் மோதின. முதலாவது வேதியியல் தரப்பு. சென்னை ஐஐடியின் சச்சின் குந்தேயும் சக ஆய்வாளர்களும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, டெல்லித் துகள்களில் குளோரைடு மிகுந்திருப்பதைச் சுட்டியது. துகள்கள் நீரை உறிஞ்சுவதிலும் பார்வைத்தூரம் குறைவதிலும் ஏறத்தாழ பாதி, ஹைட்ரோகுளோரிக் அமில உமிழ்வால் நேர்கிறது என்று அது மதிப்பிட்டது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதும் சில தொழில்களும் அந்த அமிலத்துக்கான மூலங்களாகக் கருதப்பட்டன.

இரண்டாவது தரப்பு நிலத்தை முன்வைக்கிறது. கங்கைச் சமவெளியில் குளிர்காலக் கோதுமைக்குப் பாய்ச்சும் நீர், இரவில் தரையை ஒட்டிய காற்றை ஈரமாக்குகிறது. மண் ஈரத்தைத் தவறாகக் கொடுத்தால் வேதியியல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மாதிரியில் பனி உருவாவதில்லை.

மூன்றாவது தரப்பு நகரின் சூட்டைச் சொல்கிறது. ரிதேஷ் கௌதமும் மனோஜ் சிங்கும் 2018-ல் வெளியிட்ட செயற்கைக்கோள் ஆய்வில், பரந்த பனிப்பரப்பின் நடுவே டெல்லிக்கு மேல் மட்டும் ஓட்டைகள் தென்பட்டன. நகரம் மாசைக் கூட்டினாலும் தன் வெப்பத்தால் பனியை விலக்கவும் செய்கிறது. மாசு மிகுந்த இடத்திலேயே பனியும் மிகும் என்ற எளிய கணக்கை இது அசைத்துவிட்டது.

இரண்டு மூட்டங்கள், இரண்டு பருவங்கள்

பட்டாசைப் பற்றிய விவாதம் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அக்டோபர், நவம்பரில் டெல்லி காண்பது பெரும்பாலும் வறண்ட புகைமூட்டம். வைக்கோல் எரிப்பு, வாகனம், தூசி, குப்பை, பட்டாசு எல்லாம் அதில் சேர்கின்றன. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய வருவது நீர்த்துளிகளாலான மூடுபனி. பார்வைத்தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போவதுதான் பனிக்கான வானிலை வரையறை.

கீழ்க்காற்றிலுள்ள நுண்துகள்களின் ஆயுள் சில நாள்களிலிருந்து ஓரிரு வாரம் வரைதான். ஆகவே தீபாவளியன்று எழுந்த புகை ஜனவரிப் பனியின் துளிக்கு உட்கருவாக நிற்பது அரிது. திருமண ஊர்வலங்களிலும் புத்தாண்டு இரவிலும் வெடிப்பவை வேறு கணக்கு; அவை சிறிய அளவில் பருவம் முழுவதும் பரவிக்கிடக்கின்றன. பனிப்பருவத்தை மாதிரி வழியே ஆராய்ந்து கிடைத்த முடிவைத் தீபாவளிப் பட்டாசுக்கு எதிரான சான்றாக வைப்பதும், அம்முடிவில் பட்டாசு இல்லை என்பதால் தீபாவளிப் புகை தீங்கற்றது என்பதும் ஒரே வகைப் பிழை. ஒரே இரவில் உயரும் நுண்துகள் அளவு, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குப் பனி இல்லாமலே ஆபத்தானது.

துகளின் இயல்பிலும் வேறுபாடு உண்டு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், தொழிலில் பச்சை உப்பு என்று அழைக்கப்படும் பேரியம் நைட்ரேட் ஆகியவை எரிந்து தரும் பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி நீரை ஏற்பதில்லை. பொட்டாசியம் குளோரைடு 84 சதவீத ஈரப்பதத்தை ஒட்டிக் கரையத் தொடங்குகிறது. பொட்டாசியம் சல்ஃபேட்டுக்கு ஏறத்தாழ 97 சதவீதம் வேண்டும். அலுமினியம் ஆக்சைடும் பேரியம் சல்ஃபேட்டும் நீரில் கரைவதேயில்லை. எனவே மருந்துக் கலவை மாறினால் புகையின் பனியாக்கும் தன்மையும் மாறக்கூடும். பல மாதிரிகள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல், பட்டாசுத் துகளைப் பொதுவான பிற துகள்களோடு சேர்த்துவிடுகின்றன.

பங்கு பிரிக்கும் மூன்று முறைகள்

ஒரு மூலத்தின் பங்கைப் பிரித்துச் சொல்ல மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, மாதிரியில் அந்த மூலத்தை நீக்கி மீண்டும் ஓட்டிப் பார்ப்பது. இதன் நம்பகம் உமிழ்வுப் பட்டியலைப் பொறுத்தது. உலக அளவில் பயன்படும் எட்கர் போன்ற பட்டியல்கள் ஆண்டு அல்லது மாதச் சராசரிகளைத் தருகின்றன. சில மணி நேரத்தில் எரிந்து முடியும் பட்டாசு அவற்றில் இயல்பாகப் பொருந்துவதில்லை. விற்பனையை வைத்து மதிப்பிட்டால் எந்த நகரில், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்பது ஊகமாகிவிடும். டெல்லியின் மூலப்பங்கீட்டு முறைமீதும், பழைய உமிழ்வுத் தரவை நம்புகிறது என்ற விமர்சனம் எழுந்தது.

இரண்டாவது வழி புள்ளியியல். தனஞ்சய் கெய், ரேணுகா சானே ஆகியோர் 2018-ல், வைக்கோல் எரிப்பின் காலத்தோடு குழம்பிவிடாதபடி தீபாவளியின் தனி விளைவைப் பிரிக்க முயன்றனர். அவர்கள் கண்டது சிறிய, ஆனால் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான உயர்வு. இயற்பியல் அனுமானங்கள் இங்கே தேவைப்படுவதில்லை. அதே காரணத்தால் புகை எப்படி, எதுவரை நகர்ந்தது என்று இம்முறை சொல்வதுமில்லை.

மூன்றாவது வழி வேதியியல் அடையாளம். வடிகட்டித் தாளில் படியும் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கொண்டு பட்டாசின் தடத்தை அறிவது. இதில் ஒரு முரண் இருக்கிறது. பேரியம் தடைசெய்யப்பட்டு, அந்தத் தடை முழுமையாகச் செயல்பட்டால், ஆய்வாளரின் தெளிவான அடையாளங்களில் ஒன்று மறைந்துவிடும். 30 சதவீதத் துகள் குறைப்பை இலக்காகக் கொண்டு, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் வழிகாட்டலில் வந்த பசுமைப் பட்டாசின் பயனைத் திறந்தவெளியில் சோதிப்பது அந்த அளவுக்குக் கடினமாகும்.

2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.ஏ. போப்டே தலைமையிலான அமர்வு, வாகனங்களை விட்டுவிட்டுப் பட்டாசை மட்டும் குறிவைப்பது ஏன் என்று கேட்டு, ஒப்பீட்டு ஆய்வு உண்டா என வினவியது. அது நியாயமான கேள்வி. ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் வாகனத்தையும் ஓரிரவில் எரியும் பட்டாசையும் எந்தக் கால அளவில் ஒப்பிடுவது என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். ஆண்டுச் சராசரியில் பட்டாசு சிறிது, ஓரிரவு அளவில் பெரிது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

வேளை: சாட்சியம் வலுப்பெறும் இடம்

எவ்வளவு என்பதில் தடுமாறும் மாதிரிகள், எப்போது என்பதில் தெளிவாகப் பேசுகின்றன. 100 மீட்டர் கலப்பு அடுக்கில் அடைபட்ட புகை, அடுக்கு 1,000 மீட்டராக உயர்ந்தால் பத்தில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். அந்த உயரத்தை நிர்ணயிப்பவை வெயிலும் காற்றும்.

அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பேரியத்தையும் சரவெடியையும் தடைசெய்து, பசுமைப் பட்டாசை முன்னிறுத்தி, தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரை வெடிக்கலாம் என்றது. அடுத்து வந்த மாதங்களில் சிவகாசியில் ஆலைகள் கதவடைத்தன. தமிழ்நாட்டில் தீபாவளி விடியற்காலைக் கொண்டாட்டம் என்று மாநில அரசு முறையிட்டது; இரண்டு மணி நேரத்தை மாநிலமே பிரித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் இசைந்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற முறை இங்கே நிலைத்தது. 2025 அக்டோபரில் டெல்லிக்கு நிபந்தனையோடு பசுமைப் பட்டாசு அனுமதிக்கப்பட்டபோது, அங்கும் காலை ஒரு மணி நேரம் சேர்ந்தது.

மரபின் பெயரால் வந்த இந்த மாற்றத்துக்கு வானிலைப் பொருளும் உண்டு. இரவில் எழும் புகை அடுத்த நாள் வெயில் ஏறும்வரை தாழ்ந்த அடுக்கில் கிடக்கும். காலையில் எழுவது சில மணி நேரத்தில் மேலே கலந்துவிடும். எனினும் விடியலில் அடுக்கு மிகவும் தாழ்ந்திருப்பதால் உச்ச அளவு கூடலாம். ஈரமும் அப்போதுதான் மிகுதி. மொத்தப் பாதிப்பு நேரம் முக்கியமா, உச்ச அளவு முக்கியமா என்பதைப் பொறுத்தே எது நல்ல வேளை என்பது அமையும். தமிழ்நாட்டு நகரங்களுக்கு இதை மாதிரிகளில் தனியே சோதித்துப் பார்ப்பது கடினமான வேலை அல்ல.

தமிழ்நாட்டின் பனி நாள் போகி

தீபாவளி வரும் காலம் இங்கே வடகிழக்குப் பருவமழையின் காலம். மழையின் தொடக்கம் வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும். ஒரு மழை பெய்தால் புகை கழுவப்படும். கடற்காற்று வலுத்தால் சென்னையை விட்டு உள்ளே நகரும். ஆகவே தமிழ்நாட்டில் தீபாவளி மாசைக் கணிக்கும் மாதிரிக்கு முதல் தேர்வு மழையையும் கடற்காற்றையும் சரியாகச் சொல்வதே. டெல்லியில் தேறிய அமைப்பு இங்கே தேறும் என்பதற்கு உறுதியில்லை.

புகையும் பனியும் உண்மையில் சந்திக்கும் நாள் போகி. ஜனவரி நடுவில் மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, தரை இரவில் குளிர்ந்திருக்கும். அந்த விடியலில் பழைய பொருள்களோடு டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. 2018 போகியன்று சென்னை விமானப் போக்குவரத்து புகைப்பனியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெல்லிப் பனிக்குக் குளோரின் காரணமாகலாம் என்ற வாதத்தைத் தெற்கில் சோதிக்கப் போகியைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அன்று எரியும் பொருளில் பட்டாசின் பங்கு சிறிது என்பதும் கவனத்துக்குரியது.

பட்டாசுப் பட்டியின் மேல் காற்று

உற்பத்தி நடக்கும் இடத்தைப் பற்றி ஆய்வு மெலிந்தே கிடக்கிறது. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இடம்பெற்றன, சிவகாசி இல்லை. இந்த மாவட்டத்தின் காற்றில் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளோடு அச்சகங்களின் கரைப்பான்கள், ஆலங்குளம், ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலைகள், இராஜபாளையத்து நூற்பாலைகள், நான்குவழிச் சாலை ஆகியவற்றின் பங்கும் உண்டு. கழிவு மருந்தை எரித்து அழிப்பதும் வெடிவிபத்துகளும் எந்தச் சராசரிப் பட்டியலிலும் அடங்காதவை.

சமவெளியில் மார்கழி, தை விடியல்களில் படியும் பனிமூட்டமும், மேற்கு மலைச்சரிவில் மேகம் தொட்டு உண்டாகும் மூட்டமும் வெவ்வேறு செயல்முறைகள். ஓர் அகன்ற கட்டத்தில் இரண்டும் கலந்துவிடும். மேலும் இந்தப் பட்டிக்கு வட்டார மாதிரிகளின் அவசரமான பயன் பனிக்கணிப்பில் இல்லாமலும் போகலாம். ஈரம் பட்டால் சூடேறும் அலுமினியக் கலவை, வெயிலில் காயவைக்கும் மருந்து, இடிமின்னல் ஆகிய மூன்றும் ஆலைக்குள் உயிர் சார்ந்த விஷயங்கள். ஈரப்பதத்தையும் மின்னலையும் சில மணி நேரம் முன்பே கட்டம்வாரியாகச் சொல்வது இன்றைய மாதிரிகளுக்கு எட்டக்கூடியதே.

மதிப்பீடு

இதுவரை கிடைத்த சான்றுகளைத் தொகுத்தால் சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். துகள்கள் பனியின் அடர்த்தியையும் ஆயுளையும் மாற்றுகின்றன. ஆனால் குளிர், ஈரம், அமைதி இல்லாமல் அவை பனியைத் தோற்றுவிப்பதில்லை. தீபாவளிப் புகை குறுகிய, கூர்மையான மாசு நிகழ்வு. வட இந்தியக் குளிர்காலப் பனிக்கு அது நேரடிக் காரணம் என்பதற்குப் பருவக்கணக்கே தடையாக நிற்கிறது. வெடிக்கும் வேளையும் அன்றைய வானிலையும் பாதிப்பைப் பெரிதும் மாற்றுகின்றன.

திறந்திருப்பவை மூன்று. பட்டாசுத் துகள்களின் நீரேற்புத் தன்மையைக் கலவைவாரியாக அளந்து மாதிரியில் சேர்த்தால் முடிவுகள் எவ்வளவு மாறும்? பசுமைப் பட்டாசின் குறைப்பு திறந்தவெளியிலும் நிற்கிறதா? மழைக்காலத் தீபாவளிக்கும் பனிக்காலப் போகிக்கும் ஒரே மாதிரி அமைப்பு பொருந்துமா?

சட்டம் இதுவரை முதன்மையாகக் கேட்டது பங்கு எவ்வளவு என்ற கேள்வியை. மாதிரிகள் மிகவும் தளர்ந்திருப்பது அங்கேதான். எந்த நகரில், எந்த நாளில், எந்த வேளையில் புகை தங்கும் என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்க வாய்ப்பு அதிகம். நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தை விதிப்பதைவிட, தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஊர்வாரியான வானிலைக் கணிப்பைப் பார்த்து நேரத்தை முடிவுசெய்வது இன்றைய அறிவுக்கு நெருக்கமான கொள்கையாகும். அதற்கு முன்நிபந்தனை அளவீடு: பட்டாசு வெடிக்கும் நகரங்களில் மட்டுமன்றி, அது தயாராகும் சிவகாசியிலும் சாத்தூரிலும் ஆண்டு முழுவதும் தொடரும் அளவீடு.